பஞ்ச ஆரண்யமும் தரங்கம்பாடி பூக்காரர்களும்

மாசி, பங்குனி வந்தாலே வெளிநாட்டில் இருக்கிற நம்ம மக்களின் பதிவுகளில் ஒரே பூவாக இருக்கும். மலை முகட்டில் நடந்தோம், பள்ளத்தாக்கு முழுக்க மஞ்சளும் ஊதாவுமா காட்டுப்பூ, பாருங்க மக்களே என்று பத்துப் பதினைந்து படம் போட்டு வயிற்றெரிச்சலைக் கிளப்புவார்கள். பார்த்துவிட்டு "சூப்பர் தல" என்று பின்னூட்டம் போட்டுவிட்டு வரத்தான் முடியும். தஞ்சாவூர்க்காரனுக்கு மலை ஏது, பள்ளத்தாக்கு ஏது? எங்க ஊரில் தரை என்பது பாட்டி வார்த்த தோசை மாதிரி. கோயில் கோபுரத்தை விட்டால் உயரமான இடம் என்று ஒன்று உண்டென்றால் அது ஆத்தங்கரைதான்.

ஆனால் அந்த ஆத்தங்கரையைச் சாதாரணமா நினைச்சுடாதீங்க. டெல்டாவில் ஆறு என்பது வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித் தன்னைத்தானே உயர்த்திக்கொண்ட சமாச்சாரம். பல இடங்களில் ஆத்து மட்டம் பக்கத்து வயலைவிட மேலே இருக்கும். அதனால்தான் மோட்டார் இல்லாமலேயே வாய்க்கால் வழியா தண்ணீர் வயலுக்கு இறங்குது. கரை மேல நின்னா ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் தாழ்வா வயல்வெளி. எங்க ஊர் மலை முகடு அதுதான். அந்த முகட்டில் பூப் பார்த்துக்கொண்டே நடக்க ஒரு வழி இருக்கு, அதற்கு ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரமும் இருக்கு என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காப்பி போட்டுக்கொண்டு உட்காருங்க.

எங்க ஊர் வசந்தம் எப்போ?

பஞ்சாங்கப்படி சித்திரை, வைகாசிதான் இளவேனில். அந்த நேரத்தில் டெல்டா வரப்பில் பூப் பார்க்கப் போனால் காலில் கொப்புளம்தான் பூக்கும். எங்களுக்கு வசந்தம் தை கடைசியில் ஆரம்பிச்சு மாசியில் முடிஞ்சுடும். இதை முடிவு பண்றது சூரியன் மட்டுமில்லை, மேட்டூரும்தான். 1934ல் மேட்டூர் அணை வந்த பிறகு, ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மூடுவது என்று ஒரு வழக்கம். (ஜூன் 12 பல வருஷம் தப்பிப் போயிருக்கு, அது தனிக் கதை, தனிச் சண்டை.) வடகிழக்குப் பருவமழை நின்னு, சம்பா அறுவடையும் நடந்து, மேட்டூரும் மூடினதும் ஆத்தில் தண்ணீர் மெல்ல வடியும். மண் ஈரமா இருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. இத்தனை நாள் நெல்லுக்கும் தண்ணிக்கும் அடியில் காத்துக்கிட்டிருந்த விதை எல்லாம் "நம்ம டேர்ன்" என்று கிளம்பும்.

இதில் விவசாயியின் கையும் உண்டு. நெல் அறுக்கறதுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடியே நிக்கிற பயிருக்குள்ள உளுந்தும் பயறும் தெளிச்சுடுவாங்க. உழவு கிடையாது, தனிப் பாசனம் கிடையாது. மிச்ச ஈரத்திலும் பனியிலும் வளர்ந்து, மாசியில் அறுத்த தாளுக்கு நடுவில் சின்னச் சின்னதா மஞ்சள் பூ. கரை மேலிருந்து பார்த்தா வயல் முழுக்கப் பச்சையில் மஞ்சள் புள்ளி வெச்ச மாதிரி இருக்கும்.

அஞ்சு காடு, ஒரு நாள்

சரி, எங்கே நடக்கறது? இதுக்கு நம்ம முன்னோரே ஒரு பாதை போட்டு வெச்சிருக்காங்க. பஞ்ச ஆரண்யத் தலங்கள் என்று பேர். ஆரண்யம் என்றால் காடு. திருக்கருகாவூர், அவளிவநல்லூர், அரித்துவாரமங்கலம், ஆலங்குடி, திருக்கொள்ளம்பூதூர். முதல் ஊர் பாபநாசம் வட்டத்தில் தஞ்சை மாவட்டம். மற்றதெல்லாம் வலங்கைமான், குடவாசல் பக்கம், இப்போதைய திருவாரூர் மாவட்டம். அஞ்சும் ஞானசம்பந்தர் பாடிய தலங்கள். ஆக ஏழாம் நூற்றாண்டிலேயே இவை பேர் பெற்ற ஊர்கள்.

இதில் விசேஷம், ஒவ்வொரு ஊரும் ஒரு செடியின் காடு. கருகாவூர் முல்லை வனம். அவளிவநல்லூர் பாதிரி வனம். அரித்துவாரமங்கலம் வன்னி வனம். ஆலங்குடி பூளை வனம். கொள்ளம்பூதூர் வில்வ வனம். இந்த அஞ்சையும் ஒரே நாளில், இந்த வரிசையிலேயே பார்க்கணும் என்பது மரபு. விடியற்காலையில் கருகாவூரில் ஆரம்பிச்சு, காலைச் சந்திக்கு அவளிவநல்லூர், உச்சிக்கு அரித்துவாரமங்கலம், சாயரட்சைக்கு ஆலங்குடி, அர்த்தஜாமத்துக்குக் கொள்ளம்பூதூர். இன்னிக்கு டிராவல்ஸ் வேன் வெச்சு மத்தியானத்துக்குள்ள "கவர்" பண்ணிடறாங்க. (ஆலங்குடியில் குரு பெயர்ச்சி அன்னிக்கு மட்டும் அந்தக் கணக்கு செல்லாது, வேனே நகராது.) கால்நடையாப் போன காலத்தில் இது முழு நாள் நடை. வெட்டாறு, வெண்ணாற்று வாய்க்கால்கள், வரப்பு என்று பூவோட பூவாத்தான் போயிருக்கணும்.

முல்லையும் பூளையும்தான் என்னை இழுத்தது. பாதிரி, வன்னி, வில்வம் மரம். தலவிருட்சம் என்றால் மரம்தானே நினைப்போம். முல்லை ஒரு கொடி. பூளையோ அதுவும் இல்லை. வேலியோரத்தில் தானா முளைக்கிற, முழங்கால் உயரம்கூட வராத, பஞ்சு மாதிரி வெள்ளைக் கதிர் விடுற செடி. கொங்குப் பக்கம் பொங்கலுக்குக் காப்புக் கட்டுவாங்களே, அந்தப் பூளைப்பூ. ஒரு களைச் செடி பேரில் ஒரு காடு, அந்தக் காட்டுப் பேரில் ஒரு பெரிய கோயில்! எந்த மகராசன் அன்னிக்கு அந்த இடத்தைப் பார்த்தானோ, வெள்ளை வெளேர்னு பூளை பூத்துக் கிடந்ததைப் பார்த்து மெய்மறந்திருக்கணும். இது என் கற்பனை. ஆனால் பேர் இருக்கு பாருங்க, அது கற்பனை இல்லை.

காடு எங்கே போச்சு?

இன்னிக்கு இந்த அஞ்சு ஊரிலும் காடு கிடையாது. சுத்தி நெல் வயல். ஆனால் டெல்டா ஊர்ப் பேர்களைக் கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பாருங்க. திருக்காட்டுப்பள்ளி, திருவெண்காடு, தலையாலங்காடு, திருமறைக்காடு (அதான் வேதாரண்யம்), திருநெல்லிக்கா, திருக்கோலக்கா. காடு, காடு, கா, கா. 'கா' என்றால் சோலை. நெற்களஞ்சியம் என்று நாம் பெருமையடிச்சுக்கிற நிலம், நெல்லுக்கு முன்னாடி என்னவா இருந்தது என்பதற்கு ஊர்ப் பேரே சாட்சி. கரிகாலன் பேரோடு சேர்த்துச் சொல்லப்படும் கல்லணைக் காலத்திலிருந்து பல்லவர், சோழர் காலம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா காடு திருத்தி வாய்க்கால் வெட்டி வயலாக்கியிருக்காங்க. ராஜராஜன் 1001 வாக்கில் நாட்டு நிலத்தையெல்லாம் அளக்க வைத்தபோது அளக்க வேண்டிய அளவுக்கு வயல் வந்துவிட்டது. காட்டில் மிஞ்சினது கோயில் பிரகாரத்தில் ஒரு மரம் அல்லது ஒரு கொடி. அதைத்தான் தலவிருட்சம் என்று கும்பிடறோம். என்னைக் கேட்டால், வெட்டின காட்டிலிருந்து வெச்சுக்கிட்ட மாதிரிச் சீட்டு அது.

அப்போ பூவுக்கு மரியாதை போயிடுச்சா என்றால் அதுவும் இல்லை. கோயில் கல்வெட்டுகளில் திருநந்தவனத்துக்கும் மாலைக்கும் விட்ட நிலக் கணக்கு ஏராளம். சோழர் செப்பேடுகளில் இன்னொரு சுவாரசியம் உண்டு. ஊரைத் தானமாக் கொடுக்கும்போது என்னென்ன செய்துக்கலாம் என்று ஒரு உரிமைப் பட்டியல் வரும்: கிணறு தோண்டலாம், சுட்ட செங்கல்லால் மாளிகை எடுக்கலாம், தென்னை வைக்கலாம் என்கிற வரிசையில் தவனம், மரு, செண்பகம், செங்கழுநீர் நட்டுக்கலாம் என்றும் இருக்கும். செங்கழுநீர் நடுவதற்கு ராஜா பர்மிஷன்! அந்த அளவுக்குச் சில பூ அந்தஸ்தான சொத்து. தும்பைக்கும் பூளைக்கும் அந்தத் தொல்லை இல்லை. யாரும் அனுமதி கேக்காமலேயே வரப்பில் பூத்துக்கிட்டு இருந்தது.

கரையில் நடந்தது

நான் நடந்தது ஒரு மாசி மாசக் காலை. கருகாவூரில் முல்லைவனநாதரைப் பார்த்துவிட்டு (சுயம்புலிங்கத்தின் மேனியில் முல்லைக்கொடி சுத்தின தழும்பு இருப்பதாச் சொல்வாங்க, அபிஷேகத்துக்குப் பதிலாப் புனுகு சாத்தறாங்க), வெட்டாத்தங்கரை ஏறி நடக்க ஆரம்பிச்சேன். கையில் கேமரா, ஒரு நோட்டு, தண்ணி பாட்டில். அவளிவநல்லூரும் அரித்துவாரமங்கலமும் பக்கம் பக்கம், அங்கே வரைக்கும் நடை. மிச்ச ரெண்டுக்கும் பஸ் என்பது திட்டம்.

கரையில் பூ மூணு அடுக்கா இருக்கு. ஆத்துப் பக்கச் சரிவில் ஈரம் பிடிக்கிற கூட்டம்: தரையோட படர்ந்து குட்டிக் குட்டியாப் பூக்கிற பொடுதலை, முள்ளுக்கு நடுவில் ஊதாப் பூ வெச்சுக்கிட்டு நிக்கிற நீர்முள்ளி, தள்ளி நாணல். கரை உச்சியில் மிதிபட்டே பழகின கூட்டம்: வெள்ளைத் தும்பை, மஞ்சள் நெருஞ்சி, கம்மல் கல்லு மாதிரி நீலத்தில் விஷ்ணுகிரந்தி, கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த கொளுஞ்சி. வயல் பக்கம் இறங்கினா ஈரம் காயுற மண்ணில் கொட்டைக்கரந்தை. ஊதா உருண்டை உருண்டையாப் பூ, பக்கத்தில் போனாலே வாசம் தூக்கும். அதற்கும் கீழே மண்ணோட ஒட்டி, யாரோ செருப்புக் காலால் அழுத்தி வெச்ச மாதிரி செருப்படி. நாலு அடி உயர வித்தியாசத்தில் மூணு உலகம். மலையில் இதுக்கு ஆயிரம் அடி ஏறணும்.

உளுந்து வயலில் நின்னுக்கிட்டிருந்த ஒரு பாட்டி ரொம்ப நேரமா என்னையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. கடைசியில் பொறுக்காமல் "என்னத்தத் தம்பி தேடுறீய? எதையும் தொலைச்சுப்புட்டியளா?" என்றார்கள். பூவைப் படம் எடுக்கறேன் என்றேன். சிரிச்சாங்க பாருங்க ஒரு சிரிப்பு. அப்புறம் வரப்பிலேயே நடந்து வந்து ஒவ்வொண்ணாப் பேர் சொல்ல ஆரம்பிச்சாங்க. இது கரிசலாங்கண்ணி, தலைக்குக் காச்சலாம். இது ஆரை, கீரை கடையலாம். இது பொடுதலை, பேருலயே இருக்கு பாருங்க, பொடுகுக்கு. இது நத்தைச்சூரி. இந்தச் செருப்படி இருக்கே, பூமி காஞ்சாத்தான் தலை காட்டும். இருபதுக்கு மேல் பேர், அரை மணி நேரத்தில், ஒரு தயக்கம் இல்லாமல். "இத்தனையும் எப்படிப் பாட்டி தெரியும்?" என்றேன். "புடுங்குனவளுக்குப் பேரு தெரியாதா?" என்றார்கள்.

அந்த ஒரு வாக்கியம்தான் வீட்டுக்கு வந்து என்னைப் புத்தகத்தைப் பிரிக்க வைத்தது. ஏன் என்றால் இந்த மாதிரி ஒரு வரப்பில், இந்த மாதிரிக் கேள்வியோட, எனக்கு இருநூத்தைம்பது வருஷம் முன்னாடியே சில பேர் நடந்திருக்காங்க. அவங்க வெள்ளைக்காரங்க.

தரங்கம்பாடி பூக்காரர்கள்

தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620ல் டேனிஷ்காரர்களுக்குத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்தார். 1706ல் சீகன்பால்கு வந்தது, அச்சுக்கூடம் வந்தது எல்லாம் பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்போம். பாடப் புத்தகத்தில் அதிகம் வராத ஒருத்தர், 1768ல் அந்த மிஷனுக்கு டாக்டரா வந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக். இப்போதைய லாட்வியா பக்கத்துக்காரர். ஸ்வீடனில் லின்னேயஸிடம் நேரடியாப் படிச்ச சீடர். லின்னேயஸ் என்றால், உலகத்தில் உள்ள செடி, விலங்கு எல்லாத்துக்கும் ரெண்டு சொல்லில் பேர் வைக்கும் முறையை நிலைநாட்டினவர். கோனிக் ஏற்கெனவே ஐஸ்லாந்து வரை போய்ச் செடி தேடினவர். அங்கே கிடைத்த ஒரு சின்னச் செடிக்குக் குருநாதர் 'கோனிகியா' என்று சிஷ்யன் பேரையே வைத்துவிட்டார்.

பனிக்கட்டி ஊரிலிருந்து நேரா நம்ம கடலோர வெயிலுக்கு! இங்கே அவருக்கு வேலை நோயாளியைப் பார்க்கறது, மனசெல்லாம் வேலியோரத்தில். காய வைத்த செடிகளையும் குறிப்புகளையும் ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். 1771ல் லின்னேயஸ் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு செடிக்கு 'பெர்கெரா கோனிகி' என்று பேர். பிறகு அதை 'முர்ராயா கோனிகி' என்று மாத்தினாங்க, இப்போ ஆராய்ச்சிக்காரங்க மறுபடியும் பெர்கெராவுக்கே கொண்டுவந்துட்டாங்க. முன்பாதி எப்படி மாறினாலும் பின்பாதி கோனிக்தான். எந்தச் செடி தெரியுமா? கறிவேப்பிலை! தினமும் ரசத்திலிருந்து பொறுக்கி இலை ஓரத்தில் ஒதுக்கறோமே, அதன் பேரில் ஒரு தரங்கம்பாடி டாக்டர் உட்கார்ந்திருக்கார்.

ஊர்ப் பேரும் போயிருக்கு. 1782ல் வெளிவந்த நூலில் லின்னேயஸின் மகன் ஒரு செடிக்கு 'ஜஸ்டிசியா டிராங்குபாரியென்சிஸ்' என்று பேர் வைத்தார். டிராங்குபார் என்பது தரங்கம்பாடி அவங்க வாயில் பட்ட பாடு. நம்ம சித்த வைத்தியத்தில் சளி, இருமலுக்குச் சொல்ற தவசு முருங்கைதான் அது. செடி மட்டுமா? செம்மண் நிறத்தில் கழுத்தில் கறுப்புக் கோடு போட்ட ஒரு சின்னப் புறா உண்டு, அதன் அறிவியல் பேரிலும் 'டிராங்குபாரிகா' என்று நம்ம ஊர் இருக்கு.

பூப் பார்க்கிற செலவுக்கு மிஷன் சம்பளம் பத்தவில்லை. 1774ல் கோனிக் ஆற்காட்டு நவாபிடம் வேலைக்குப் போனார், 1778ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு. சயாம், மலாக்கா வரை சுத்திவிட்டு 1785ல் காக்கிநாடா பக்கத்தில் வயிற்றுக்கடுப்பில் இறந்தார். ஆனால் தரங்கம்பாடியில் அவர் பத்த வைத்தது அணையவில்லை. ஜான், கிளைன், ஹைனே, ராட்லர் என்று ஒரு செட்டே சேர்ந்துவிட்டது. தங்களுக்குள் செடிகளைப் பரிமாறிக்கொண்டு, பேரைக் கலந்து பேசி, கோபன்ஹேகன், பெர்லின், லண்டன் என்று அனுப்பினார்கள். இப்போதைய பாஷையில் சொன்னா ஒரு மடலாற்குழு.

இதில் ராட்லர் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள். 1776ல் வந்தவர், அறுபது வருஷம் இங்கேயே இருந்து 1836ல் சென்னையில் இறந்தார். 1799-1800ல் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பினார். வழியில் பார்த்த செடிகளைப் பற்றி அவர் எழுதிய குறிப்புகள் 1803ல் பெர்லினில் அச்சாச்சு. அதாவது நம்ம ஊரிலிருந்து கிளம்பின ஒரு பூப் பயணப் பதிவு, இருநூறு வருஷம் முன்னாடியே! அதே மனுஷன் வயசான காலத்தில் தமிழ்-ஆங்கில அகராதி ஒண்ணும் தொகுத்தார். 1834லிருந்து 1841 வரை வேப்பேரியில் பகுதி பகுதியா வந்தது. பாதியிலேயே அவர் காலமாகிவிட, மத்தவங்க முடித்தார்கள். பூவைக் காய வைத்த கைதான் சொல்லையும் காய வைத்துப் பத்திரப்படுத்தியிருக்கு. அவர் சேர்த்த செடிகள் கடைசியில் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கருகாவூர் முல்லைக்கும் இதில் பங்கு உண்டு. நம்ம பூக்கடை முல்லைக்கு 'ஜாஸ்மினம் ஆரிகுலாட்டம்' என்று பேர் வைத்து 1794ல் அச்சில் ஏற்றியவர் மார்ட்டின் வால். எந்த ஊர் பேராசிரியர்? தரங்கம்பாடிச் செடியெல்லாம் கப்பலேறிப் போன அதே கோபன்ஹேகன்.

தஞ்சாவூர் அரண்மனையும் சும்மா இல்லை. ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் வளர்ந்த இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798-1832) தரங்கம்பாடி மிஷனரிகளோடு தொடர்பு வைத்திருந்தார், தன் ஓவியர்களை வைத்துச் செடி, பறவை, விலங்குப் படங்கள் வரையச் செய்தார், தன்வந்திரி மகாலில் மருந்து முறைகளைச் சோதித்துத் தொகுக்க வைத்தார். அந்தப் படங்களில் சில இன்னிக்கு லண்டன் நூலகத்தில் இருக்கு.

சொன்னது யாரு?

இப்போ பாட்டியின் வாக்கியத்துக்கு வருவோம். கோனிக்குக்கும் ராட்லருக்கும் வரப்பில் நின்று "இது இன்னது" என்று சொன்னது யாரா இருக்கும்? வைத்தியரா, மூட்டை தூக்கினவரா, களை பறித்தவரா? நான் மேலே சொன்ன லத்தீன் பேர் ஒண்ணிலும் நம்ம ஆள் பேர் கிடையாது. கேரளத்தில் கொஞ்சம் தேவலை. 1678லிருந்து 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதியா வந்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' நூலுக்குச் செடி விவரம் சொன்ன ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனின் பேர் அந்த நூலிலேயே அச்சாகியிருக்கு. பின்னாளில் ஒரு செடி இனத்துக்கே 'அச்சுதெமியா' என்று அவர் பேரை வைத்தார்கள்.

நம்ம பக்கத்தில் ஆள் போகவில்லை, சொல் மட்டும் போயிருக்கு. முருங்கை 'மொரிங்கா' ஆனது. வெட்டிவேர் 'வெட்டிவேரியா' ஆனது. பேர் சொன்ன வாய் காத்தோட போச்சு.

ஆக இந்த மண்ணின் பூவுக்கு மூணு பதிவேடு. முதலாவது கோயில், முல்லை வனம், பூளை வனம் என்று ஊர்ப் பேரிலேயே எழுதி வெச்சுது. ரெண்டாவது ஐரோப்பாவின் அலமாரிகள். காய்ந்த செடி, ஊர், வருஷம், லத்தீன் பேர் என்று பக்குவமா வெச்சிருக்கு. மூணாவது களை பறிச்ச பெண்களின் ஞாபகம். முதல் ரெண்டும் கல்லிலும் தாளிலும் இருக்கு, எங்கேயும் போகாது. மூணாவதுக்குக் காப்பி கிடையாது.

அது எப்படிக் கரையுது என்று அன்னிக்கே கண்ணால் பார்த்தேன். வன்னி வனமான அரித்துவாரமங்கலம் போற வழியில் தரிசு நிலமெல்லாம் சீமைக்கருவேலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. வன்னிக்கு ஒண்ணுவிட்ட தம்பி என்றுதான் ரொம்ப நாள் வகைப்படுத்தியிருந்தாங்க. 2022ல் பேரினத்தையே பிரிச்சு, பங்காளி இல்லை என்று சொல்லிட்டாங்க. வாய்க்காலில் ஆகாயத்தாமரை. கரைச் சரிவில் நெய்வேலிக் காட்டாமணக்கு, அழகான ரோஸ் பூ, அடியில் நம்ம பொடுதலைக்கு மூச்சு விட இடம் கிடையாது. படத்துக்கு மட்டும் பிரமாதமா வருது.

அதைவிடப் பெரிய மாற்றம் சத்தமில்லாமல் நடக்குது. நேரடி விதைப்பு, மிஷின் நடவு, களைக்கொல்லி. இதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. வெயிலில் முதுகு ஒடியக் குனிஞ்சு களை பறிக்கிற வேலை இன்னொரு தலைமுறைக்கும் தொடரணும் என்று ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதறது அநியாயம். அந்தப் பாட்டியின் பேத்தி நர்சிங் படிக்கிறதாம். படிக்கட்டும், நல்லா இருக்கட்டும். ஆனால் கணக்கைப் பாருங்க: கையால் பிடுங்கினதால் பேர் தெரிஞ்சுது. பேர் தெரிஞ்சதால் எதைக் கூடையில் போடணும், எதைத் தூக்கி எறியணும் என்று தெரிஞ்சுது. மருந்துக்கு எல்லாமே ஒரே பேர், களை. பிடுங்குகிற கை நின்னா பேர் சொல்ற வாயும் நிக்கும். செடி அங்கேயே பூத்துக்கிட்டு இருக்கலாம், ஆனால் தமிழில் அதுக்குப் பேர் இருக்காது. அப்போ ஒரு நாள் நம்ம பேரப்பசங்க கொட்டைக்கரந்தைக்குப் பேர் வேணும் என்று கியூ தோட்டத்து அலமாரியைத்தான் தேடணும்.

அதனால் சக பதிவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கோயில் கட்ட வேண்டாம், பெர்லினுக்கு அனுப்ப வேண்டாம். ஊருக்குப் போகும்போது வரப்பில் இறங்கி ஒரு பத்துப் பூவைப் படம் எடுங்க. வீட்டிலோ வயலிலோ இருக்கிற பெரியம்மா, அப்பாயி, ஆயா யாரிடமாவது காட்டிப் பேர் கேளுங்க. பேர், ஊர், மாசம், என்னத்துக்கு ஆகும், நாலே வரி. முக்கியமா அஞ்சாவது வரி ஒண்ணு: இதைச் சொன்னவர் யார் என்று, அவங்க சம்மதிச்சா, அவங்க பேர். கோனிக் கோஷ்டி விட்டுப்போன வரி அது. நாமளாவது எழுதுவோம்.

பி.கு. 1: சாயரட்சை தாண்டித்தான் ஆலங்குடி போய்ச் சேர்ந்தேன். அர்த்தஜாமத்துக்குக் கொள்ளம்பூதூருக்குக் கடைசி பஸ் இல்லை. சம்பந்தர் அங்கே ஆத்தில் ஓடத்தில் வந்ததைத் தீபாவளியை ஒட்டி ஓடத் திருவிழாவா இப்பவும் கொண்டாடறாங்க. வில்வ வனம் அதுக்கு மிச்சம்.

பி.கு. 2: உங்க ஊரில் பூளைக்கு என்ன பேர்? சிறுபூளை, சிறுபீளை, கண்ணுப்பூளை, தேங்காப்பூக்கீரை என்று இதுவரை நாலு பேர் என் நோட்டில் ஏறியிருக்கு. அஞ்சாவது தெரிந்தவங்க பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க மக்களே.